யாரும் இறங்குவதில்லை

ஜூன் 3, செவ்வாய்

மூன்றாவது லாரி வந்துவிட்டது. பச்சை வண்ணம். இரண்டு பக்கமும் வெள்ளை எழுத்தில் ‘நிலமகள் கழிவுநீர்ச் சேவை. யாரும் இறங்குவதில்லை’ என்று எழுதச் சொல்லியிருந்தேன். பெயின்டர் ஒரு பக்கத்தில் ‘ங்’கை விட்டுவிட்டு ‘இறகுவதில்லை’ என்று எழுதி வைத்திருந்தார். கேட்டால், “படிக்கிறவங்களுக்குப் புரியுமுங்க” என்கிறார். முழுவதையும் அழித்து எழுத வைத்தேன். இந்த ஊரில் எல்லாமே ‘புரியுமுங்க’வில்தான் ஓடுகிறது.

மதியம் ஒரு பத்திரிகையாளர் வந்தார். காபி குடித்து முடித்துவிட்டு, “சேவைன்னு சொல்றீங்க, ஆனா லாபமும் பார்க்கறீங்களே மேடம்?” என்று கேட்டார். மருந்துக்கடைக்காரரிடம் இந்தக் கேள்வியைக் கேட்பாரா? பள்ளிக்கூடம் நடத்துகிறவரிடம்? சாக்கடைக்குள் மனிதனை இறக்கிச் சம்பாதிக்கிறவனை யாரும் எதுவும் கேட்பதில்லை. இறக்காமல் சம்பாதிக்கிற என்னிடம் விளக்கம் கேட்கிறார்கள்.

அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பதினோரு வருஷம் பம்பு கம்பெனியில் டிசைன் இன்ஜினியர். நாலு வருஷம் முன்னால் எங்கள் வீதி முனையில், ஒரு வீட்டு செப்டிக் டேங்குக்குள் இறங்கிய இரண்டு பேர் விஷவாயு தாக்கிச் செத்தார்கள். காதுகுத்து பேனர் ஒன்றைப் போட்டு மூடி, ரோட்டோரத்தில் கிடத்தியிருந்தார்கள். அதைத் தாண்டி ஸ்கூட்டரில் ஆபீஸ் போனேன். போய் உட்கார்ந்து வேலை பார்க்க முடியவில்லை. அந்த இரண்டு பேரில் ஒருவர் ஆறுச்சாமியண்ணனின் தம்பி. நான் கம்பெனி ஆரம்பித்தபோது முதலில் வந்து சேர்ந்தவர் அண்ணன்தான்.

லாபம் வராமல் இது நடக்காது. தர்மத்துக்கு ஓட்டினால் இரண்டே வருஷத்தில் லாரி துருப்பிடிக்கும், எல்லாரும் பழையபடி வாளியும் கயிறுமாகப் போவார்கள். அதைத்தான் சொன்னேன். எழுதிக்கொண்டார். என்ன போடுவாரோ.

ஜூன் 9, திங்கள்

சரவணம்பட்டி பக்கம் ‘கார்மேகம் என்கிளேவ்’ என்று ஒரு அப்பார்ட்மெண்ட். செயலாளர் வெங்கடாசலம், ரிடையர்ட் பேங்க் மேனேஜர். காலை ஏழு மணிக்கே போன்.

“உங்க ஆளுங்க நேத்து வந்துட்டுப் போனாங்கம்மா. அடியில ஒரு அடிக்குச் சேத்து மண்டி அப்படியே நிக்குது. ஒரு ஆளை இறக்கி அள்ளிக் குடுக்கச் சொல்லுங்க.”

“எங்க ஆளுங்க இறங்க மாட்டாங்க சார். சட்டப்படி குத்தம். லாரியிலயே எழுதியிருக்கு.”

“எழுதறது எல்லாரும்தான் எழுதறாங்க. அரை மணி நேர வேலைக்குச் சட்டமெல்லாம் பேசறீங்க. முன்னாடி வந்தவன் ஒரு குவார்ட்டருக்கு இறங்குவான்.”

ஒரு மனிதனின் உயிருக்குக் குவார்ட்டர் பாட்டில் விலை. சொன்னவர் முப்பத்தைந்து வருஷம் பேங்கில் கையெழுத்துப் போட்டவர், பேரனுக்குத் திருக்குறள் ஒப்பிக்கச் சொல்லித் தருகிறவர். சாயங்காலம் ஆப்பில் எங்களுக்கு ஒரு ஸ்டார் போட்டுவிட்டார்.

அந்த ஒரு ஸ்டாரால் ஆறுச்சாமியண்ணன் குழுவுக்கு இந்த வார ஊக்கத்தொகை போய்விட்டது. ஒரு நாளைக்கு ஐந்து டேங்க், சராசரி நாலு ஸ்டார். இரண்டும் இருந்தால் சம்பளத்தில் கால் பங்கு கூடுதல். ஏப்ரலில் நான்தான் கொண்டு வந்தேன். இந்தத் தொழிலில் வேறு யார் இப்படிக் கொடுக்கிறார்கள்? விதியை ஒரு தடவை வளைத்தால் பிறகு விதியே இருக்காது. அதனால் கொடுக்கவில்லை.

ஜூன் 16, திங்கள்

உறுதிமொழிப் படிவம் அச்சாகி வந்தது. ‘எக்காரணம் கொண்டும் தொட்டிக்குள் இறங்க மாட்டேன்’ என்று எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். அண்ணன் படிக்காமலே போட்டார்.

போகும்போது வாசலில் நின்றார். “மேடம், அந்த அஞ்சை நாலாக்கிக்கலாமுங்களா?”

“ஏன்ணா?”

“சும்மாதானுங்க. டிராபிக்கு சாஸ்தியா இருக்குது.”

டீசல், லாரிக் கடன், மூன்று குழுவின் சம்பளம் எல்லாவற்றையும் போட்டுக் காட்டினேன். நாலு என்றால் நட்டம், ஐந்தில்தான் மிச்சம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “செரிங்க” என்றார். டிராபிக்காம். காலையில் அரை மணி நேரம் முன்னால் கிளம்பினால் போயிற்று. நல்ல சம்பளம் கொடுத்தாலும் இந்த வேகக் குறைவு மட்டும் போக மாட்டேன் என்கிறது.

ஜூன் 24, செவ்வாய்

யூனிபார்ம் துவைக்கும் பழனாத்தாள் இன்று சிரித்துக்கொண்டே சொன்னாள். “உங்க ஆளுங்க சட்டையெல்லாம் பேங்க்ல வேலை பாக்கறவங்க சட்டை மாதிரி வருதுக்கா. முன்னாடி ரண்டு தண்ணி விடுவேன், இப்ப ஒண்ணே போதும்.” நம் முறை சரியாக வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அடுத்த பேச்சில் இதைச் சொல்ல வேண்டும்.

குப்புராஜுக்குக் கண் சிவந்திருந்தது. இருபத்தாறு வயசு, போன மாசிதான் கல்யாணம் ஆனது. கையில் வேறு சொறி. கண் ஆஸ்பத்திரிக்கு என் செலவில் அனுப்பினேன். செல்போனைக் குறைக்கச் சொல்லி ஒரு அதட்டும் போட்டேன். தலையைக் குனிந்துகொண்டே சிரித்தான்.

கரண்டு பில், பம்பு வாஷர் இரண்டு, ஆபீசுக்குக் குடிதண்ணீர் கேன்.

ஜூன் 30, திங்கள்

நம்ப முடியவில்லை. வெங்கடாசலம் போன் பண்ணிப் பாராட்டினார். இரண்டாவது தடவை கூப்பிட்டிருந்தாராம். “இப்பத்தாம்மா வேலை. தரை தெரியுது. பசங்க தங்கமான பசங்க.” ஐந்து ஸ்டார். தெரிந்த அப்பார்ட்மெண்ட் செயலாளர்கள் நாலு பேருக்கும் சொல்லியிருக்கிறாராம்.

நான் பிடித்த பிடியில் நின்றதால்தான் இது. மிஷினாலும் தரை தெரியும் என்பது அந்த ஆளுக்கு இப்போது புரிந்திருக்கும். ஹோஸ் முனையில் மாட்டிய புது நாசில் நன்றாக வேலை செய்கிறது போலிருக்கிறது. அண்ணனிடம் கேட்டேன். “ஆமாங்க, நல்லாருக்குது” என்றார்.

ஜூலை 4, வெள்ளி

சென்னையிலிருந்து அனிருத் வந்திருந்தார். சமூகத் தொழில்களில் முதலீடு செய்யும் நிறுவனத்துக்காரர். நம்மிடம் போட்ட பணத்தை இரட்டிப்பாக்க யோசிக்கிறார்கள். திருச்சி, சேலம் எல்லாம் போகலாம் என்றார். குழுக்கள் வேலை நேரத்தைப் பதிகிற டேப்லெட் பதிவுகளைக் காட்டினேன். மார்ச்சில் ஒரு டேங்குக்குச் சராசரி ஒரு மணி ஐம்பது நிமிஷம், ஜூனில் நாற்பத்தைந்து நிமிஷம்.

“எப்படி இவ்வளவு குறைஞ்சுது?” என்றார்.

“பயிற்சி. ஊக்கத்தொகை” என்றேன்.

ஒரு கணம் எதுவோ உறுத்தியது. லாரிச் சத்தமாக இருக்கலாம்.

கம்பெனிக்கு ஒரு விருது என்று கடிதமும் வந்திருக்கிறது. ஆகஸ்டில் சென்னையில் விழா. பட்டுப்புடவை எடுக்க வேண்டுமா, காட்டன் போதுமா?

ஜூலை 11, வெள்ளி

குப்புராஜ் ஆஸ்பத்திரியில். உயிர் இருக்கிறது. நாளை எழுதுகிறேன்.

ஜூலை 12, சனி

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

நேற்று பதினொரு மணி சுமாருக்கு, வெங்கடாசலம் சிபாரிசு செய்த இன்னொரு அப்பார்ட்மெண்டில், குப்புராஜ் டேங்குக்குள் இறங்கியிருக்கிறான். யூனிபார்மைக் கழற்றி லாரிக் கதவில் மாட்டிவிட்டு, ஜட்டியோடு. இடுப்பில் கயிறு. கையில் மண்வெட்டி, வாளி. மூன்றாவது வாளி மேலே வந்ததும் கயிறு தொய்ந்துவிட்டது. அண்ணன் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு பாதி வரை இறங்கி, டிரைவர் மேலிருந்து இழுக்க, அவனை வெளியே போட்டிருக்கிறார்கள். காவலாளி பைப்பைத் திறந்து கழுவினாராம். குடியிருப்புக்காரர்கள் பால்கனியிலிருந்து செல்போனில் எடுத்தார்களாம். ஒருவர்கூடக் கீழே இறங்கி வரவில்லை.

நான் போனபோது அண்ணன் ஐ.சி.யூ. வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தார். கோபத்தில் எனக்குக் கண் தெரியவில்லை.

“கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்களே அண்ணா. உங்க தம்பி செத்துக் கிடந்ததைக் கண்ணால பாத்தவர் நீங்க. எப்படி விட்டீங்க?”

அவர் எழுந்திருக்கவில்லை. “ஒரு நாளைக்கு அஞ்சு டேங்குங்க மேடம்” என்றார்.

“அதுக்கு?”

“மேல நிக்கிற தண்ணிய மிஷினு உறிஞ்சிரும். அடிமண்டி கல்லாட்டக் கெடக்குமுங்க. தண்ணிய பீச்சி, ஊற வச்சு, கலக்கி, மறுக்கா உறிஞ்சோணும். ரண்டரை மணி நேரமாகும். அஞ்சு டேங்குக்கு ஏதுங்க நேரம்? பாதியில உட்டுட்டு வந்தா ஒரு ஸ்டாரு. ஆள் எறங்குனா இருவது நிமிசம்.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

மூக்கில் கட்டியிருந்த துண்டை உதறி மடித்தார். என்னைப் பார்க்கவில்லை.

குப்புராஜின் மனைவி சரசா சுவரோரம் நின்றாள். கைநிறையக் கல்யாண வளையல். அவளிடம் என்ன பேசுவதென்று தெரியாமல் தோளைத் தொட்டேன். விலகிக்கொண்டாள். “கம்பெனி வேலை, குழிக்குள்ள எறங்கறதில்லைன்னு சொல்லித்தான் எங்கப்பன் என்னைக் கட்டிக் குடுத்தாருங்க” என்றாள். சத்தம் போடவில்லை. அழவும் இல்லை.

அந்த அப்பார்ட்மெண்ட்காரர்கள் மீது கேஸ் போட வேண்டும். வெங்கடாசலத்தின் மீதும். பால்கனியில் நின்று படம் எடுத்தவர்கள் மீதும்.

ஜூலை 14, திங்கள்

குப்புராஜ் கண் திறந்துவிட்டான். நுரையீரலில் சளி கட்டியிருக்கிறது, ஒரு மாதமாவது ஆகும் என்கிறார்கள்.

அனிருத் ஒரு வக்கீலைக் கூட்டிக்கொண்டு வந்தார். வக்கீல் உறுதிமொழிப் படிவங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். முகம் மலர்ந்துவிட்டது.

“இது போதும் மேடம். கம்பெனி தெளிவா தடை பண்ணியிருக்கு. மீறினது சூப்பர்வைசர். ஆறுச்சாமி மேல நீங்களே ஒரு புகார் குடுத்துருங்க. உங்களுக்கு ஒண்ணும் வராது.”

“அவருக்கு?”

“கேஸ் நடக்கும். ஜாமீன்ல வருவாரு. வேணும்னா அந்தக் குடும்பத்துக்கு நீங்க தனியா ஏதாவது உதவி பண்ணுங்க.”

அனிருத் மெல்லச் சொன்னார். “கோதை, இது உங்க ஒருத்தரைப் பத்தின விஷயம் இல்ல. இந்தக் கம்பெனி நின்னா உங்க ஆளுங்க எல்லாரும் பழையபடி கயிறு கட்டி இறங்குவாங்க. பெரிய நல்லதுக்காக யோசிங்க.”

இதே வாக்கியத்தை நான் மேடையில் சொல்லியிருக்கிறேன். இப்போது இன்னொருத்தர் வாயில் கேட்டேன். இருவரையும் வெளியே போகச் சொன்னேன் என்று எழுத ஆசை. சொல்லவில்லை. யோசிக்கிறேன் என்றேன். புகார் வாசகத்தை வக்கீல் டைப் செய்து அனுப்பியிருக்கிறார். நன்றாகவே எழுதியிருக்கிறார்.

ஜூலை 15, செவ்வாய்

லாரிகள் நிற்கின்றன. நான் ஒன்றும் செய்யவில்லை.

ஜூலை 16, புதன்

காலையில் ஷெட்டுக்குப் போய் முதல் லாரியை எடுத்துக்கொண்டு, டிரைவரோடு என் வீட்டுக்கே வந்தேன். எங்கள் டேங்க் ஆறு வருஷமாகத் திறக்காதது. மூடியை நெம்பினோம். வாயு மீட்டரை இறக்கிப் பார்த்தேன், கீச்சென்று கத்தியது. ஹோஸைப் போட்டு, கையில் வாட்ச்சோடு நின்றேன்.

மேல் தண்ணீர் முப்பது நிமிஷம். அதற்குப் பிறகு ஹோஸ் காற்றைத்தான் உறிஞ்சியது. அடியில் கறுப்பாக, வெட்டிய களிமண் மாதிரி கிடந்தது. தண்ணீர் பீச்சினேன். காத்திருந்தேன். கலக்கினேன். பக்கத்து வீட்டம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, “எவ்வளவு நேரந்தான் ஆகும், சொந்தக்காரங்க வந்திருக்காங்க” என்று கத்தினார். புது நாசில் ஒன்றும் செய்யவில்லை. இரண்டு மணி ஐம்பது நிமிஷம் ஆனது. அப்போதும் ஒரு மூலையில் மிச்சம் இருந்தது.

பதினோரு வருஷம் பம்பு வரைந்தவள் நான். எந்தப் பம்பு எவ்வளவு கெட்டியை எவ்வளவு நேரத்தில் இழுக்கும் என்பது கைவிரல் கணக்கு. நாற்பத்தைந்து நிமிஷம் என்று டேப்லெட் வாராவாரம் சொன்னது. வாராவாரம் அதைப் பார்த்தேன். கலர் கலராகப் படம் போட்டு அனிருத்துக்கும் காட்டினேன்.

சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். இரண்டாவது தடவைதான் போகிறேன். முதல் தடவை அவர் தம்பியின் பதினாறாம் நாளுக்குப் போனது. அண்ணி ஸ்டீல் டம்ளரில் தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

“இன்னிக்கு எங்க வீட்டு டேங்கை நானே ஓட்டிப் பாத்தேன். ரெண்டே முக்கால் மணி நேரத்துக்கு மேல ஆச்சுண்ணா.”

“ஆகுமுங்க.”

“அன்னிக்கு அஞ்சை நாலாக்கச் சொன்னீங்க. டிராபிக்னு சொன்னீங்க. ஏன் உள்ளதைச் சொல்லல?”

“கெட்ட மொதலாளிகிட்ட வேலை பாத்திருக்கேனுங்க. கூலி பத்தாதுன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிப்போட்டு நடந்துருவோம். நீங்க நல்லவங்க. கண்ணுக்கு ஆஸ்பத்திரி பாத்தீங்க, யூனிபாரம் குடுத்தீங்க, எங்கள மேடையில ஏத்தி சால்வை போட்டீங்க. உங்ககிட்ட முடியாதுன்னு சொல்ல வாய் வரலீங்க. சொன்னாலும் கணக்குப் போட்டுக் காட்டுவீங்க. எங்களுக்கு அந்தக் கணக்குத் தெரியாதுங்களே.”

“அதுக்காக இறங்கினீங்களா? என்னைக் காப்பாத்தவா?”

“உங்களையில்லீங்க” என்றார், முதல் முறையாகக் குரலை உயர்த்தி. “அந்தக் கால் பங்கு சம்பளத்துக்குத்தான். எம்புள்ளைக்கு பாலிடெக்னிக் பீசு கட்டோணும். நானும்தான் எறங்குனேன். வாரத்துக்கு நாலு தடவை.”

தண்ணீர் டம்ளரைக் கீழே வைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

அவர் மீதே எனக்குக் கோபம் வந்தது. இதையும் எழுதி வைக்கிறேன். என்னை நல்லவள் என்று நினைத்ததற்காக.

ஜூலை 18, வெள்ளி

போலீஸ் ஸ்டேஷனில் நாலு மணி நேரம். எஸ்.ஐ. இளைஞர், தங்கராசு என்று பெயர்ப்பட்டை. வக்கீல் முன்னமே பேசியிருப்பார் போல.

“ஆறுச்சாமி மேல புகாருங்களா மேடம்? எழுதிக் குடுங்க.”

“அவர் மேல இல்ல. வேலை குடுத்தது நான். என் மேலயும் என் கம்பெனி மேலயும் எழுதியிருக்கேன்.”

படித்தார். மறுபடி படித்தார். “நீங்களே உங்க மேல புகார் குடுக்கறீங்க. எதுக்குங்க மேடம் இந்த வேலை? பையன்தான் பொழச்சுக்கிட்டானே?”

அந்தக் கேள்வியில்தான் வெடித்துவிட்டேன். “பொழைக்காம இருந்தா எழுதிப்பீங்களா? எத்தனை பேர் செத்தா இந்தப் பேப்பருக்கு மதிப்பு வரும்?” ஸ்டேஷனே திரும்பிப் பார்த்தது. அவர் ரைட்டரைக் கூப்பிட்டார்.

‘ஐந்து டேங்க் என்ற இலக்கை நிர்ணயித்தது நான். அந்த நேரத்தில் மிஷினால் முடியாது என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்’ என்று எழுதியிருக்கிறேன். முதலில் ‘தெரியும்’ என்றுதான் எழுதினேன். அடித்துவிட்டு ‘தெரிந்திருக்க வேண்டும்’ என்று மாற்றினேன். அடித்தது அடித்தபடியே தெரிகிறது. வேறு தாளில் எழுதித் தரச் சொன்னார் ரைட்டர். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றேன்.

ஆளை இறக்கச் சொன்ன வெங்கடாசலத்தின் பெயரையும், இரண்டு அப்பார்ட்மெண்ட் சங்கங்களின் பெயரையும் சேர்த்திருக்கிறேன். அவர்களைச் சும்மா விடுவதாக இல்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

விருது இல்லை என்று ஒன்றரை வரியில் மெயில். அனிருத் நிறுவனம் விலகிவிட்டது. மூன்றாவது லாரியை விற்றாயிற்று. வாங்கியவர் எழுத்துகளை அழித்துவிட்டுத்தான் எடுத்துப் போனார்.

வெங்கடாசலம் என்னை ஆபீஸ் வாசலில் வந்து திட்டிவிட்டுப் போனார். “நல்லது பண்றேன்னு வந்து எங்களைக் கோர்ட்டுக்கு இழுக்கறியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா?” நானும் சளைக்காமல் பதில் சொன்னேன். டீக்கடையில் கூட்டம் கூடியது. வாழ்க்கையில் வீதியில் நின்று சண்டை போட்டது இதுதான் முதல் தடவை. தொண்டை கட்டிக்கொண்டது.

புது ஏற்பாடு: குழுவுக்கு ஒரு நாளைக்கு இரண்டு டேங்க். பழைய கால் பங்கு இனி சம்பளத்தோடு சேர்ந்துவிடும். ஸ்டார் கிடையாது, ஊக்கத்தொகை கிடையாது. கட்டணம் ஒன்றரை மடங்கு. ஏன் அவ்வளவு என்று கேட்பவர்களுக்கு நானே பேசிச் சொல்கிறேன். பத்தில் ஏழு பேர் போனை வைத்துவிடுகிறார்கள். ஊரில் மலிவாக ஆளை இறக்குகிறவர்கள்தான் இருக்கிறார்களே.

அண்ணன் திரும்ப வரத் தயார். நன்றியெல்லாம் சொல்லவில்லை. ஒரே நிபந்தனை. எத்தனை டேங்க் என்பதைக் குழுவில் இருப்பவர்கள்தான் சொல்வார்களாம், நான் அல்ல. சொந்தக் கம்பெனியில் எனக்கு நிபந்தனை போடுகிறார் என்று ஒரு நிமிஷம் சுருக்கென்றது. பிறகு சரி என்றேன்.

செப்டம்பர் 22, திங்கள்

குப்புராஜ் வேலைக்குத் திரும்பவில்லை. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. ஆபீசில் போன் எடுக்கும் வேலை தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். சரசாதான் வந்தாள், வேண்டாம் என்று சொல்ல. ஊரில் அவளுடைய அப்பாவோடு ஆடு வாங்கி வளர்க்கப் போகிறார்களாம். இழப்பீட்டுக் காசை வாங்கிக்கொண்டாள். கையெழுத்துப் போடுவதற்கு முன் முழுத் தாளையும் இரண்டு தடவை படித்தாள்.

பஞ்சாலை ஒன்று தன் தொழிலாளர் விடுதிகளுக்கு வருஷ ஒப்பந்தம் கேட்டிருக்கிறது. வெளிநாட்டுக்குத் துணி அனுப்புகிறவர்கள், அங்கிருந்து சோதனைக்கு வருகிறார்களாம். அந்தப் பயத்தில்தான் நம்மைத் தேடி வந்திருக்கிறார்கள், மனசாட்சியால் இல்லை. இருக்கட்டும். அடுத்த மாதம் நட்டம் நின்றுவிடும்.

நவம்பர் 13, வியாழன்

கோர்ட்டில் வாய்தா. ஜனவரிக்குத் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். அபராதம் வரலாம், ஜெயிலும் வரலாம் என்கிறார் புது வக்கீல். வெங்கடாசலம் எதிர் பெஞ்சில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரும் ஜூனில் இருந்த என்னைப் போலவே, தான் ஒரு தப்பும் செய்யவில்லை என்ற முகத்தோடு.

கோர்ட்டை விட்டு வெளியே வரும்போது போன். ஆறுச்சாமியண்ணன்.

“மேடம், விடுதி டேங்கு இன்னிக்கு முடியாதுங்க.”

“என்னாச்சுண்ணா?”

“மண்டி எறுகிக் கெடக்குது. இன்னிக்குத் தண்ணி உட்டு ஊற வச்சுட்டு நாளைக்குத்தான் எடுக்கோணும். மேனேஜர் கத்தறாரு. நாளைக்கு எவனோ சோதனைக்கு வரானாம், ஒருத்தன எறக்கி முடிச்சுக் குடுங்கறாரு. முடியாதுன்னுட்டேன். உங்ககிட்டப் பேசோணுமாம்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“அவங்ககிட்டப் பேசுனாலும் இதேதான்னு சொன்னேனுங்க.”

வருஷ ஒப்பந்தம். அது போனால் இந்த மாதச் சம்பளத்துக்கு என் வளையலைத்தான் அடகு வைக்க வேண்டும். கோர்ட் வாசலில், வேப்பமரத்தடியில், கறுப்புக் கோட்டுகளுக்கு நடுவே நின்றேன்.

“போனை அவர்கிட்டக் குடுங்க அண்ணா” என்றேன்.